கரகரப்பு எங்கே பிறக்கிறது?

தம்பானூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும் நம்மவர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், கார்டு கையில் இருக்கிற வாக்கி-டாக்கியில் கரகரவென்று ஏதோ வருகிறதே, அது அவருக்காவது புரியுமா?" சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேருகிறது. அவருக்குப் புரியும் என்பதே பதில். புரியாவிட்டால் மறுபடி கேட்பார். அதுவரை வண்டி நகராது. ஆனால் ஒரு சொல் புரியும்படி போய்ச் சேருவதற்கு அந்தச் சின்னப் பெட்டிக்குள் எத்தனை இடங்களில் காவல் போட வேண்டியிருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பள்ளிக்கூட விஞ்ஞானம் நினைவில் இருக்கும் எவரும் தொடர்ந்து படிக்கலாம். கணக்கு கொஞ்சமே வரும்.

தம்பானூரில் நாம் பார்க்கும் கருங்கல் கட்டடம் 1931-ல் வந்தது. அதற்கு முன் ரயில் சாக்கையோடு நின்றுவிடும். 1976-ல் அகலப் பாதை வந்தது. 1979-ல் கன்னியாகுமரிக்கு வழி திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி திருவனந்தபுரம் கோட்டமும் பிறந்தது. அப்போதெல்லாம் டிரைவரும் கார்டும் பேசிக்கொண்டது கொடியாலும் கைவிளக்காலும் விசிலாலும்தான். இன்று ஒரு நீண்ட விரைவு வண்டி அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இடவப்பாதி மழை கொட்டும்போது பின்கோடியில் ஆட்டும் பச்சைக் கொடியை முன்கோடியிலிருந்து பார்ப்பது எப்படி? ஆகவே 5 வாட் வாக்கி-டாக்கி வந்தது. 2022 முதல் கார்டுக்கு ரயில் மேலாளர் என்று பெயர் மாறியிருக்கிறது. டிரைவர் அதற்கு முன்பே லோகோ பைலட் ஆகிவிட்டார். பழக்கத்தால் நான் பழைய பெயரையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்க.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று தோன்றலாம். நம் ஊர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். டிரைவர் நாகர்கோவில்காரர், கார்டு கொல்லத்துக்காரர், ஸ்டேஷன் மாஸ்டர் வடநாட்டவர். தமிழில் "ஒண்ணு", "மூணு". மலையாளத்தில் "ஒந்நு", "மூந்நு". கரகரப்பில் முன்பாதி மறைந்துபோனால் வால் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாம் லைனா மூன்றாம் லைனா? "வேணம்" என்றால் வேண்டும். "வேண்டா" என்றால் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லின் பின்பாதியில்தான். ஒலிபெருக்கியில் உயிரெழுத்துகள் உரத்துக் கேட்கும். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகிற க, ச, ட, த போன்ற வல்லினங்களோ மெலிந்து வரும். அவற்றின் வலுவில் பெரும்பகுதி உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று நாம் சொல்வது இதைத்தான்.

இப்போது இரண்டு பகைவர்களைப் பிரித்துக்கொள்வோம். வாசலில் கோலம் போட்டிருக்கிறோம். மேலே தூறல் விழுந்து அங்கங்கே கலைந்தால் அது இரைச்சல். போட்ட கையே நடுங்கி இழை கோணிப் போனால் அது சிதைவு. தூறல் எங்கிருந்தோ வந்தது, கோணல் நம் கையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆனால் இரண்டையும் டிரான்ஸ்மிட்டரிலேயே அடக்க வேண்டும். அடுக்களையில் தீய்ந்துபோன சோற்றைப் பரிமாறுகிறவர் என்ன செய்தும் சரியாக்க முடியாது. ரிசீவர் பரிமாறுகிறவர் மாதிரி. அதற்கு மேல், கெட்ட டிரான்ஸ்மிட்டர் தன் பேச்சோடு அடுத்தவர் பேச்சையும் கெடுக்கும்.

முதல் காவல் மைக்கில். டீசல் இஞ்சின் அறைக்குள் நின்றவர்களுக்கு அந்த ஓசை தெரியும். மைக்குக்கு இஞ்சின் யார், மனிதன் யார் என்று தெரியாது, இரண்டையும் வாங்கிக்கொள்ளும். வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கும் மைக்கை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் குரலின் அழுத்தம் ஏறத்தாழ 4 மடங்காகும். இஞ்சின் ஓசை அதே அளவில்தான் நிற்கும். ஒரு காசு செலவில்லாத இந்த மருந்துக்கு ஈடாக எந்த மின்னணுச் சாதனத்தையும் நான் கண்டதில்லை. மூச்சுக்காற்று நேராக அடிக்காதபடி கொஞ்சம் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும், அவ்வளவே.

இங்கே பலரும் செய்வது என்ன? கேட்கவில்லை என்றதும் கத்துவார்கள். கத்தினால் இன்னும் கெடும். காரணம் சுவையானது. இந்த செட்கள் பண்பலை முறையில், அதாவது எஃப்.எம். முறையில் வேலை செய்கின்றன. குரல் உயர உயர அலையின் வலிமை கூடுவதில்லை. அதிர்வெண் இருபுறமும் விலகி ஆடும் அளவுதான் கூடுகிறது. 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சேனல் பிரித்திருந்தால் அந்த ஆட்டம் இருபுறமும் 5 கிலோஹெர்ட்சுக்குள் நிற்க வேண்டும், 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் 2.5-க்குள். ரிசீவரில் இருக்கும் வடிகட்டி இந்த அகலத்துக்கு வெட்டிய வாசல் மாதிரி. கைகளை விரித்துக்கொண்டு வாசலில் நுழைந்தால் நிலையில் இடிக்கும் அல்லவா? அப்படித்தான் கத்தலின் உச்சிகள் வெட்டுப்பட்டுக் கரகரப்பாகின்றன. ஆகவே நல்ல செட்டில் மைக்குக்குப் பின்னால் ஒரு வரம்புக் கட்டு, அதாவது லிமிட்டர், இருக்கும். உச்சியை அளவோடு மட்டப்படுத்தி, 3,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டதை வடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு விடும். மட்டப்படுத்துவதும் ஒரு வகைச் சிதைவுதான். ஆகவே லிமிட்டர் வேலை செய்ய வேண்டிய அவசியமே வராதபடி சாதாரணக் குரலில் பேசுவது உத்தமம்.

பண்பலையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? துலாவர்ஷத்து மாலை இடி நினைவிருக்கிறதா? நம் வீடுகளில் மீடியம் வேவில் திருநெல்வேலி நிலையத்தையோ இலங்கை வானொலியையோ பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும்: தொலைவில் ஒரு மின்னல், பாட்டின் நடுவே ஒரு 'படார்'. அந்த முறையில் அலையின் உயரத்தில்தான் பாட்டு எழுதப்பட்டிருக்கிறது. மின்னலும் உயரத்தில்தான் கை வைக்கிறது. பாட்டையும் இடியையும் பிரிக்க வழியில்லை. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் பல ஆண்டுகள் இதோடு போராடினார். கடைசியில் செய்தியை உயரத்தில் எழுதாமல் அதிர்வெண்ணின் ஆட்டத்தில் எழுதினார். உயரத்தில் ஏற்படும் மேடுபள்ளத்தை ரிசீவரில் சீவி எறிந்தார். 1933-ல் காப்புரிமை பெற்றார். விலை என்னவென்றால் அகலம். வானொலிப் பண்பலை ஒரு பக்கம் 75 கிலோஹெர்ட்ஸ் ஆடுகிறது, 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இசையைச் சுமக்கிறது. இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 180 கிலோஹெர்ட்ஸ் இடம் வேண்டும். வாக்கி-டாக்கிக்கு 5-ம் 3-ம் கூட்டி இரட்டிக்க 16 போதும். ஆர்ம்ஸ்ட்ராங் தம் கண்டுபிடிப்பின் பலனை அனுபவிக்கவில்லை. வழக்குகளிலேயே காலமும் காசும் கரைந்து 1954-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பண்பலைக்கும் ஒரு குறை உண்டு. சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனால் கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. படிக்கட்டிலிருந்து கால் தவறியது போல ஒரேயடியாக இரைச்சலில் விழும். இன்னொன்று, மீட்டெடுத்த ஒலியில் இரைச்சல் உயர்ந்த அதிர்வெண்களில் அதிகமாக நிற்கும். நம் வல்லினங்கள் குடியிருக்கும் இடமும் அதுதான்! இதற்கு ஒரு நல்ல தந்திரம் செய்தார்கள். அனுப்பும்போதே உயர்ந்த அதிர்வெண்களை மிகைப்படுத்தி அனுப்புவது. வாங்கும் இடத்தில் அதே அளவு குறைத்துக்கொள்வது. குறைக்கும்போது குரல் பழைய நிலைக்கு வரும், வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் மட்டும் தாழ்ந்துபோகும்.

அடுத்தது கரண்ட். நிலையத்தில் மேசைமேல் இருக்கும் செட்டில் பேசும்போது பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்தால் மின்வழங்கியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்னோட்டமாக்கும்போது 100 ஹெர்ட்ஸில் ஓர் அலையடிப்பு மிஞ்சும். அதை நிரப்பி மட்டமாக்குவது பெரிய கெபாசிட்டரின் வேலை. அதற்குள் இருக்கும் திரவம் ஆண்டுகள் போகப் போக, வெப்பத்தில் காய்ந்துவிடும். உச்சி உப்பியிருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். எர்த்தும் முக்கியம். நம் செம்மண் மேட்டில், கீழே வெட்டுக்கல், கோடையில் எர்த்துக் குழியில் ஈரம் நிற்பதில்லை. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதைச் சிலர் கேலி செய்வார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தவர் கேலி செய்ய மாட்டார். ரயில் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி வந்த பிறகு இந்தக் கவனம் இரட்டிப்பானது. பக்கத்தில் ஓடும் பேச்சுக் கம்பிகளில் அது தூண்டும் மின்னழுத்தத்தைத் தடுக்க உலோக உறை போட்ட கேபிள்களைப் புதைத்தார்கள்.

அதிர்வெண்ணைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர் பகுதி பிள்ளை பெற்றவள் அறை மாதிரி; வெளியார் தொந்தரவு ஆகாது. ஆகவே அதற்குத் தனியாகச் சீராக்கிய மின்சாரம், தனி உலோகக் கூண்டு, வெப்பத்தால் அதிகம் மாறாத குவார்ட்ஸ் படிகம். இஞ்சினில் பொருத்தும் செட்டுக்கு ரப்பர் மெத்தையும் வேண்டும். அதிர்ச்சியில் ஒரு சுருளின் வளையம் மயிரிழை அசைந்தாலும் அதிர்வெண் ஆடும். பண்பலையில் அதிர்வெண் ஆடினால் அதுவே சத்தம். பழைய செட்களில் சுருள்களின் மேல் மெழுகு ஊற்றி உறையவிட்டிருப்பார்கள். மூடியைத் திறந்த பையன்கள் அழுக்கு என்று சுரண்டி எடுத்துவிடுவதுண்டு.

இனி ஆம்ப்ளிஃபையர். சிதைவின் தலைமையகம் இதுதான். நுழைந்ததை அப்படியே பத்து மடங்காக்கித் தர வேண்டியது, சிறியதைப் பத்து மடங்காக்கும், பெரியதை எட்டோடு நிறுத்திவிடும். தொலைபேசிக் கம்பிகளில் வழிநெடுக இப்படிப் பல ஆம்ப்ளிஃபையர்கள் இருந்தபோது ஒவ்வொன்றின் கோணலும் சேர்ந்து கடைசியில் பேச்சு கூழாகிவிடும். 1927 ஆகஸ்ட் 2-ம் தேதி காலை, ஹாரல்ட் பிளாக் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் விடை உதித்தது. கையில் இருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே எழுதிவைத்தார். வெளியே வருவதில் ஒரு சிறு பங்கை எடுத்து, திருப்பிப் போட்டு, உள்ளே வருவதிலிருந்து கழித்துவிடு என்பதே அந்த யோசனை. ஆம்ப்ளிஃபையர் தானாகச் சேர்த்த கோணல் எதுவோ அது எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்து தன்னையே தேய்த்துக்கொள்ளும். 10,000 மடங்கு பெருக்கும் கருவியை இப்படிக் கட்டிப்போட்டு 100 மடங்காக்கினால் சிதைவும் நூறில் ஒரு பங்காகக் குறையும். இவ்வளவு பெருக்கத்தை வீணாக்குவதா என்று நம்பாதவர்கள் இருந்தார்கள். காப்புரிமை கிடைக்கவே 1937 ஆனது. உயரத்தில் செய்தி எழுதும் மீடியம் வேவ் நிலையங்களுக்கு இந்த எதிர்ப் பின்னூட்டம் உயிர் மாதிரி. 1943-ல் திருவிதாங்கூர் அரசு தொடங்கி, 1950-ல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்த நம்மூர் வானொலியும் அந்த இனத்தில் பிறந்ததே.

இன்றைய கைப்பேசிக் கோபுரங்களில் வேறொரு வழி. ஆம்ப்ளிஃபையர் எப்படிக் கோணும் என்று முன்கூட்டியே அளந்துவைத்து, சிக்னலை அதற்கு எதிர்த்திசையில் கோணலாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. இரும்புப் பாலத்தின் கர்டரைச் செய்யும்போதே நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்துத்தான் செய்வார்கள். வண்டியின் பாரம் ஏறும்போது அது தாழ்ந்து மட்டமாகும்.

வாக்கி-டாக்கியில் அலையின் உயரம் மாறுவதில்லை என்பதால் கடைசி ஆம்ப்ளிஃபையரைச் சிக்கனமான முறையில், அலையை முரட்டுத்தனமாக வெட்டியே ஓட்டலாம். பாட்டரி மிச்சம். ஆனால் வெட்டுகிற இடத்தில் மடங்கு அலைகள் பிறக்கும்: 160 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 320-லும் 480-லும் அதன் நிழல். ஆன்டெனாவுக்குப் போகும் முன் ஒரு வடிகட்டி அவற்றைத் தடுக்க வேண்டும். 60 டெசிபெல் தடுத்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 5 வாட் செட்டிலிருந்து 5 மைக்ரோவாட் மட்டும் தப்பும். மலிவு விலையில் பெட்டிக்கடைபோல விற்கும் சில செட்களில் இந்த வடிகட்டியில்தான் கை வைக்கிறார்கள். அவற்றை வாங்கி உரிமமின்றிப் பேசுவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இருந்தால் வரும் தொல்லை தனி ரகம். ஒன்று 160, இன்னொன்று 161 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் அலை மற்றதன் ஆம்ப்ளிஃபையருக்குள் புகுந்தால் 159-லும் 162-லும் யாரும் பேசாத பேச்சு பிறக்கும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். தெற்கே ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், பக்கத்து அலுவலகத்தின் செட்டும் எங்கள் செட்டும் ஒரே நேரத்தில் பேசினால் மட்டும் மூன்றாவது சேனலில் கலவைக் குரல் வந்துகொண்டிருந்தது. இரண்டு செட்டையும் பிரித்துப் பார்த்தாயிற்று, குற்றமில்லை. கடைசியில் பார்த்தால் கோபுரத்தின் இழுகம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் துருவேறிக் கிடந்தது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே துரு உட்கார்ந்தால் அது அரைகுறையாக ஒரு டயோடு மாதிரி வேலை செய்யும். இரண்டு அலைகளைக் கலந்து மூன்றாவதைப் பெற்றுப்போடும். கிளாம்பை மாற்றிக் கிரீஸ் பூசியதும் குரல் நின்றது. கடற்காற்று வீசும் நம் ஊரில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கடைசிக் காவல் ஆன்டெனா கேபிள். ஆன்டெனா பொருந்தாவிட்டால் அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். அதை எஸ்.டபிள்யூ.ஆர். என்ற எண்ணால் அளப்பார்கள். 1.5 என்றால் நூறில் 4 பங்குதான் திரும்புகிறது, கவலையில்லை. 3 என்றால் நூறில் 25 பங்கு. ஆம்ப்ளிஃபையர் நிலைகுலைந்து கண்ட இடத்தில் அலை பரப்பத் தொடங்கலாம். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் கேபிளுக்குள் தண்ணீர் போவதே இதற்கு முக்கியக் காரணம். இணைப்பின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாக, ஓட்டுக்கூரை அடுக்குவது போலச் சுற்ற வேண்டும். கட்டடத்துக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு முறை தொங்கலாக வளைத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் தூரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. ஆன்டெனா உயரங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். கரையில் 25 மீட்டர் கம்பமும் படகில் 4 மீட்டர் கம்பமும் என்றால் சுமார் 29 கிலோமீட்டர். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நம் கடற்கரை ஊர்களிலும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கமும் எத்தனை வீடுகள் கரையிலேயே காத்துக் கிடந்தன என்பதை நாம் பார்த்தோம். ஆழ்கடலுக்குப் போனவர்கள் அந்த 29-க்கு எவ்வளவோ அப்பால். எவ்வளவு சுத்தமான டிரான்ஸ்மிட்டராலும் பூமியின் வளைவைத் தாண்டிப் பேச முடியாது. அங்கே செயற்கைக்கோள் வழிதான் வேண்டும்.

ரயில்வேயில் இப்போது வரும் 'கவச்' முறையில் இஞ்சினும் நிலையமும் பேசிக்கொள்வது வார்த்தைகளால் அல்ல, எண்களால். ஒவ்வொரு செய்தியின் வாலிலும் ஒரு சோதனை எண் இருக்கும். அது ஒத்துப்போகாவிட்டால் செய்தியையே ஏற்காது. கரகரப்பைக் காது கொடுத்துக் கேட்டு ஒண்ணா மூணா என்று ஊகிக்கிற வேலை அதற்கு இல்லை. ஆனால் துருவும் மழைநீரும் காய்ந்த கெபாசிட்டரும் அதற்கும் பகைதான்.

நம் விழாக்களுக்கு வருகிறேன், ஏனென்றால் கம்பியில்லா மைக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டர்தான். மூன்று மைக்குகளுக்கு 600, 601, 602 என்று சம இடைவெளியில் அதிர்வெண் வைத்தால் நடுவிலுள்ளதை இரட்டித்து முதலாவதைக் கழிக்க மூன்றாவதே வந்துவிடும். பட்டிமன்றத்தில் ஒருவர் பேச இன்னொருவர் மைக் ஊளையிடுவதற்கு இது ஒரு காரணம். 600, 601, 603 என்று வைத்தால் இந்த மோதல் வராது. பல மைக்குகளில் ஆன்டெனா அடிமுனையில் இருக்கும். அதைக் கைக்குள் மூடிப் பிடிக்க வேண்டாம். மேலே வலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாடுவது சினிமாவில் அழகாக இருக்கும், மண்டபத்தில் வீறிடும். கைப்பேசியை மைக் ரிசீவரின் பக்கத்தில் வைக்காதீர்கள்; பழைய 2ஜி அலை நொடிக்கு 217 முறை துடிப்பதுதான் ஸ்பீக்கரில் 'டிர்ர்ர்' என்று கேட்கிறது. பாட்டரி மட்டும் ஒவ்வொரு விழாவுக்கும் புதிதாகப் போடுங்கள். பழையதைக் குழந்தைகளின் பொம்மைக்குக் கொடுத்துவிடலாம். அதில் இன்னும் ஒரு வாரம் ஓடும்.